உஷார்! இந்த மே மாதம் பூத்து நிற்கும் மரம், அடுத்த மே மாதம் விறகு

மரம் வாங்கக் கிளம்பிவிட்டீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கனடாவிலோ அமெரிக்காவின் வட மாநிலங்களிலோ புதிதாக வீடு வாங்கியிருக்கிறீர்கள். குளிர் விலகி முதல் வெயில் அடிக்கிறது. தோட்டக் கடை வாசலில் இளஞ்சிவப்புப் பூவோடு ஒரு செர்ரி மரம் நிற்கிறது. வாசலில் இதை வைத்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று மனசு துடிக்கும். எல்லோருக்கும் துடிக்கும். பணத்தை எடுக்காதீர்கள். இன்னும் எடுக்காதீர்கள்.

ஊரில் நாம் மரம் வைத்த விதம் வேறு. முருங்கைக் கொம்பை ஊன்றினோம், வேப்பங்கன்றைச் சுற்றி ஆடு கடிக்காமல் முள் வைத்தோம், மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது. அதே நம்பிக்கையோடு இங்கேயும் குழி தோண்டுகிறோம். இங்கே நிலைமை அப்படி இல்லை. மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும் மண்ணில் அந்த மரம் நிற்க வேண்டும். ஒரே வாரத்தில் உருகி, மறுபடி உறையும் பிப்ரவரியைத் தாண்ட வேண்டும்.

நாம் கடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம். "குளிர் தாங்குமா?" கடைக்காரர் "தாங்கும்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் போதாது.

இங்கே மரத்தைக் கொல்வது குளிர் மட்டும் அல்ல.

வெயில் கொல்லும். தாகம் கொல்லும். சாலை உப்பு கொல்லும். ஸ்னோவின் எடை பிளந்துவிடும். முயல் கொன்றுவிடும். ஆமாம், முயல்தான்.

டொரன்டோவுக்கு மேற்கே பிராம்ப்டனில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவர்கள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள். டொரன்டோ ஹை பார்க்கில் வசந்தத்தில் பூக்கும் செர்ரி மரங்களைப் பார்த்துவிட்டு வந்து ஆசைப்பட்டார்கள். 1959-இல் டோக்கியோ மக்கள் பரிசாகக் கொடுத்த மரங்களில் தொடங்கிய தோப்பு அது. ஏரிக்குப் பக்கம், சரிவில், மற்ற மரங்களின் மறைவில் இருக்கிறது. அங்கேயே சில வருடங்கள் மொட்டு கருகிப் பூப்பு பொய்த்திருக்கிறது. இவர்கள் வீடோ ஏரியிலிருந்து உள்ளே தள்ளி, காற்று நேராக அறையும் புதுக் குடியிருப்பில். சுற்றிலும் நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை.

வாசலில் கார் ஏறும் பாதையை ஒட்டி ஒரு செர்ரி. ஜன்னலுக்கு முன்னால் சிவப்பு இலை ஜப்பானிய மேப்பிள். சாலை ஓரமாக மறைப்புக்கு எமரால்டு சீடர் வரிசை. கடைக்காரர்களே வந்து நட்டுவிட்டுப் போனார்கள். கோடையெல்லாம் ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்துக்கொண்டார். மரங்கள் தளதளவென்று இருந்தன.

குளிர்காலம் வந்தது. பாதையில் உப்பு தூவினார்கள். வழித்த ஸ்னோவை எல்லாம் செர்ரியின் காலடியில் குவித்தார்கள். வேறு எங்கே குவிப்பது? பிப்ரவரியில் நல்ல வெயில் வாரம் ஒன்று வந்தது. "பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை" என்று நினைத்தார்கள்.

ஏப்ரலில் சீடர் வரிசையின் சாலைப் பக்கம் முழுக்கத் துருப்பிடித்த நிறம். ஸ்னோ உருகியதும் மேப்பிளின் அடியில் பட்டையைச் சுற்றிலும் வெள்ளையாகக் கொறித்திருந்தது தெரிந்தது. செர்ரி மட்டும் மொட்டு விட்டது. பூவும் பூத்தது. போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். ஜூன் மாதம் முதல் வெப்பம் வந்ததும் பத்தே நாளில் மொத்தமாகத் தொங்கிப்போனது. தென்மேற்குப் பக்கம் பட்டை தரையிலிருந்து மார்பு உயரம் வரை வெடித்து, தொட்டால் கையோடு வந்தது.

ரசீதில் ஓராண்டு உத்தரவாதம் போட்டிருந்தது. மே மாதம் வாங்கியது. மே மாதத்தோடு முடிந்துவிட்டது.

இதை நன்றாக மனதில் வையுங்கள். குளிரில் அடிபட்ட மரம் உடனே சாகாது. போன வருடம் சேர்த்துவைத்த சத்தில் இலை விடும், பூக்கும். அப்புறம்தான் சாகும். வசந்தத்தில் பச்சை கண்டுவிட்டால் தப்பித்தது என்று அர்த்தம் இல்லை.

அந்தச் செர்ரியைக் கொன்றது எது? குளிர் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். முதல் குற்றவாளி வெயில்.

பிப்ரவரி மாதப் பிற்பகல் வெயில் தாழ்வாக, தென்மேற்கிலிருந்து நேராக அடிமரத்தில் விழும். கீழே கிடக்கும் ஸ்னோ அதே வெயிலைக் கண்ணாடி மாதிரி திருப்பி மரத்தின் மீது அடிக்கும். காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருந்தாலும் பட்டை சூடாகிவிடும். உள்ளே உறங்கிக்கொண்டிருந்த செல்கள் வசந்தம் என்று நம்பி விழித்துக்கொள்ளும். சூரியன் மறைந்த சில நிமிடங்களில் வெப்பம் சரேலென்று விழும். விழித்த செல்கள் அத்தனையும் உறைந்து செத்துவிடும். மறுநாளும் இதே. வாரம் முழுக்க இதே. செர்ரி, மேப்பிள், லிண்டன், காட்டு ஆப்பிள் போல மெல்லிய பட்டை உள்ள இளமரங்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். நவம்பரில் அடிமரத்தைச் சுற்றி வெள்ளை நிறக் காப்பு ஒன்று சுற்றி, வசந்தத்தில் கழற்றிவிட்டால் போதும். செலவு மிகக் குறைவு. யாரும் சொல்லித்தரவில்லை, அதனால் அவர்கள் செய்யவில்லை.

சீடரைக் கொன்றது தாகம். பசுமை மாறா மரங்கள் குளிர்காலத்திலும் இலை வழியாகத் தண்ணீரை விட்டுக்கொண்டேதான் இருக்கும். காற்று வீச வீச இன்னும் அதிகமாக விடும். மண் பாறையாக உறைந்திருக்கும்போது வேர் எங்கே போய்க் குடிக்கும்? சுற்றிலும் வெள்ளை வெளேரென்று தண்ணீர் குவிந்து கிடக்க, மரம் தாகத்தில் காய்ந்துபோகிறது. போதாததற்குச் சாலையில் போகும் ஒவ்வொரு வண்டியும் உப்புச் சாரலை அதன் மீது தெளித்துவிட்டுப் போகும்.

அந்த உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே சாலைகளில் பனி உருகக் கொட்டுவது பெரும்பாலும் நம் சமையல் உப்பின் அதே சோடியம் குளோரைடு. வசந்தத்தில் அது கரைந்து மண்ணுக்குள் இறங்கும். வேர் தண்ணீர் குடிக்க முடியாமல் தவிக்கும். மண்ணின் பொலபொலப்பும் கெட்டு இறுகிவிடும். ஒயிட் பைன் மரத்தை நெடுஞ்சாலை ஓரத்தில் நட்டால் சாலைப் பக்க ஊசிகள் பழுப்பாகி நிற்பதை ஒன்டாரியோவில் எங்கும் பார்க்கலாம். கனடா கொடியில் இருக்கும் இலை என்று ஆசைப்பட்டு எல்லோரும் தேடும் சுகர் மேப்பிளுக்கும் உப்பு ஆகாது. ரெட் மேப்பிளுக்கும் ஆகாது. இவற்றைப் பின்கட்டில் வையுங்கள், வாசலில் வேண்டாம். கார் பாதையில் உப்புக்குப் பதில் மணல் தூவுங்கள். வழித்த ஸ்னோவை மரத்தடியில் குவிக்கவே குவிக்காதீர்கள்.

முயல் விஷயம் எளிது. ஸ்னோவுக்கு மேலே நின்று முயல் கொறிக்கும், ஸ்னோவுக்கு அடியில் சுரங்கம் போட்டு எலி கொறிக்கும். பட்டையை ஒரு சுற்று முழுக்கக் கொறித்துவிட்டால் இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்காது. மரம் முடிந்தது. சின்னக் கண் உள்ள கம்பி வலையை அடிமரத்தைச் சுற்றி, தொடாமல், எதிர்பார்க்கும் ஸ்னோ உயரத்துக்கும் மேலே வருகிற மாதிரி நிறுத்துங்கள். வலையின் அடியை மண்ணுக்குள் கொஞ்சம் புதையுங்கள். இல்லாவிட்டால் எலி அடியில் புகுந்துவிடும்.

இப்போது பெரிய ஆபத்துக்கு வருகிறேன். லேபிளில் இருக்கும் அந்த எண்.

மரத்தில் தொங்கும் அட்டையில் "சோன் 5", "சோன் 6" என்று போட்டிருக்கும். உங்கள் ஊர் என்ன சோன் என்று கூகுளில் பார்த்து, எண் பொருந்தினால் வாங்கிவிடுகிறீர்கள். உஷார். எந்த நாட்டு எண் அது?

அமெரிக்க விவசாயத் துறையின் வரைபடம் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு வருடமும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரி. அதில் சோன் 6 என்றால் மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். சோன் 5 என்றால் மைனஸ் 29 முதல் மைனஸ் 23. சோன் 4 மைனஸ் 34 வரை போகும், சோன் 3 மைனஸ் 40 வரை. கனடாவின் வரைபடம் 1967-இல் முதலில் வந்தபோதே வேறு கணக்கில் வந்தது. குளிரோடு சேர்த்து உறைபனி இல்லாத நாட்களின் எண்ணிக்கை, மழை, ஸ்னோவின் ஆழம், கோடை வெப்பம், காற்றின் வேகம் என்று ஏழு விஷயங்களைப் பார்க்கிறது. அதனால் கனடாவின் 6, பல இடங்களில் அமெரிக்காவின் 5-க்குத்தான் சமம். கனடாவில் விற்கும் செடிகளின் அட்டையிலேயே பல நேரம் அமெரிக்க எண்தான் இருக்கும். கனடா எண் 6 உள்ள ஊரில் இருந்துகொண்டு, அமெரிக்க எண் 6 போட்ட மரத்தை வாங்கினால், ஒரு சோன் அளவுக்குக் குளிர் தாங்காத மரத்தை வாங்கியிருக்கிறீர்கள்.

சராசரி என்ற சொல்லையும் விடாதீர்கள். சராசரி மைனஸ் 22 என்றால், சில வருடங்கள் மைனஸ் 27 போயிருக்கிறது என்று பொருள். மரம் நாற்பது, ஐம்பது வருடம் நிற்க வேண்டும். அந்த ஒரு மோசமான வருடம் கட்டாயம் வரும்.

அதனால் எண்ணின் விளிம்பில் நிற்கும் மரத்தை வாங்காதீர்கள். உங்கள் ஊரைவிட ஒரு சோன் அதிகமான குளிரைத் தாங்கும் மரமாகப் பாருங்கள். தொட்டியில் வைப்பதாக இருந்தால் இரண்டு சோன் தள்ளிப் பாருங்கள். கிளையைவிட வேர் மிகவும் பலவீனமானது. தரையில் இருந்தால் மண்ணும் ஸ்னோவும் போர்வையாகக் காக்கும். தொட்டியில் நாலு பக்கமும் குளிர் அடித்து வேர் கட்டியாக உறைந்துவிடும். காண்டோ பால்கனியில் ஜப்பானிய மேப்பிளைத் தொட்டியில் வைத்து வசந்தத்தில் குச்சியை எடுத்துப்போடுகிறவர்கள் ஏராளம்.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. அதைக் கடைகளில் பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

விதை எங்கிருந்து வந்தது?

ரெட் மேப்பிள் புளோரிடாவிலும் இருக்கிறது, நியூஃபவுண்ட்லாந்திலும் இருக்கிறது. பெயர் ஒன்று, மரம் ஒன்று. ஆனால் தெற்கே பிறந்த மரத்தின் உடல் அந்த ஊரின் நாட்காட்டிப்படிதான் நடக்கும். ஆகஸ்டில் பகல் குறையத் தொடங்கும்போதே வடக்கத்தி மரம் வளர்ச்சியை நிறுத்தி, தளிரை முற்றவைத்து, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை மெல்ல வெளியேற்றித் தயாராகிவிடும். தெற்கத்தி மரம் அக்டோபரிலும் துளிர்த்துக்கொண்டு நிற்கும். முதல் கடும் உறைபனி வரும்போது பச்சைத் தண்டோடு மாட்டிக்கொள்ளும். அட்டையில் "ரெட் மேப்பிள், சோன் 3" என்றுதான் இருக்கும். அந்த 3 இந்த மரத்துக்குப் பொருந்தாது. அதனால் கேளுங்கள். "இது எங்கே வளர்த்தது? விதையோ ஒட்டோ எந்தப் பகுதியிலிருந்து வந்தது?" பதில் சொல்லத் தெரியாத கடையில் பெரிய மரம் வாங்காதீர்கள். பூச்செடி வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

இதே காரணத்துக்காக இன்னொன்று. ஜூலை முடிந்த பிறகு தழைச்சத்து உரம் போடாதீர்கள். பாசத்தோடு செப்டம்பரில் நீங்கள் வைக்கும் உரம், உறங்கப் போகிற மரத்தைத் தட்டி எழுப்பும்.

மார்ச் வெயிலையும் நம்பிவிடாதீர்கள். 2012 மார்ச்சில் தெற்கு ஒன்டாரியோவில் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டியது. ஆப்பிள் மரங்கள் வாரக்கணக்கில் முன்னதாகவே மொட்டவிழ்ந்தன. ஏப்ரலில் உறைபனி திரும்பி வந்தது. அந்த வருடம் மாகாணத்தின் ஆப்பிள் விளைச்சலில் ஏறக்குறைய 80 சதவீதம் போனது. தலைமுறை தலைமுறையாகப் பழத்தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கே அந்தக் கதி. முதலில் பூக்கிற மரம்தான் முதலில் மாட்டும். வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி வெதுவெதுப்பான மூலையில் பழமரம் வைத்தால் இன்னும் சீக்கிரம் பூத்து, இன்னும் சீக்கிரம் கருகும்.

கல்கரியில் இருப்பவர்களுக்கு இந்தத் திடீர்ச் சூடும் திரும்பி வரும் குளிரும் பிப்ரவரிப் பிரச்சினை மட்டும் இல்லை, குளிர்காலம் முழுக்க இதுதான். மலையிலிருந்து இறங்கும் சினூக் காற்று சில மணி நேரத்தில் வெப்பத்தை 20 டிகிரி ஏற்றி, அப்புறம் பழையபடி கீழே தள்ளிவிடும். டொரன்டோவில் அக்கா வீட்டில் அழகாக நிற்கும் மரத்தைப் பார்த்துவிட்டுக் கல்கரியில் வாங்காதீர்கள். அக்கா வீட்டு மரத்துக்கு அந்தக் காற்று தெரியாது.

சாகிற மரத்தால் பணம்தான் போகும். சாகாமல் வளர்ந்து ஆபத்தாக நிற்கும் மரங்கள் இருக்கின்றனவே, அவைதான் எனக்கு இன்னும் பயம்.

2013 டிசம்பர் 21, 22. டொரன்டோவில் விழுந்ததும் கண்ணாடியாக உறையும் மழை இரவெல்லாம் பெய்தது. கிளைகள் எடை தாங்காமல் மின்கம்பிகள் மீது முறிந்து விழுந்தன. சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. கிறிஸ்துமஸ் அன்றும் எத்தனையோ வீடுகள் இருட்டில், கடும் குளிரில். அடுத்த வருடம் செப்டம்பரில் கல்கரியில் இலை உதிரும் முன்பே கனமான ஸ்னோ கொட்டியது. இலையோடு நின்ற மரங்கள் வகைதொகையில்லாமல் முறிந்தன.

எந்த மரம் முதலில் பிளக்கும் என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அகலமாக விரிந்திருந்தால் பலம். ஆங்கில வி எழுத்து மாதிரி குறுகலாக, இரண்டும் நெருக்கியடித்துக்கொண்டு, நடுவில் பட்டை உள்ளே மடிந்திருந்தால் ஆபத்து. அந்த இடத்தில் மரத்தோடு மரம் ஒட்டவே இல்லை. ஐந்தடியில் அழகாகத்தான் இருக்கும். முப்பதடியில், உங்கள் காருக்கு மேலே, பனிக்கட்டி ஏறிய இரவில் பிளக்கும்.

வசந்தத்தில் வெள்ளைப் போர்வையாகப் பூக்கும் பிராட்ஃபோர்ட் பேர் இதற்குப் பேர்போனது. இருபது வருடம் ஆவதற்குள் நடுவில் பிளந்துபோகும். அதோடு அது மற்ற பேர் வகைகளோடு கலந்து, முள் மரங்களாகக் காடெல்லாம் பரவியதால் ஒஹாயோ 2023-இலும் பென்சில்வேனியா 2024-இலும் விற்பனைக்கே தடை போட்டுவிட்டன. பக்கத்து மாநிலத்திலிருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். சில்வர் மேப்பிள் அசுர வேகத்தில் வளரும். அந்த வேகத்துக்கு விலை, பலமில்லாத கட்டை. "சீக்கிரம் நிழல் தரும்" என்று யாராவது சொன்னாலே எச்சரிக்கையாகுங்கள்.

நார்வே மேப்பிளும் வேண்டாம். கருஞ்சிவப்பு இலைக்காக நிறையப் பேர் கேட்டு வாங்குகிறார்கள். குளிரும் உப்பும் தாங்கும், உண்மைதான். ஆனால் அடியில் புல்கூட முளைக்காத அளவுக்கு நிழல் அடைக்கும். விதைகள் பள்ளத்தாக்குக் காடுகளுக்குள் பறந்து உள்ளூர் மரங்களை நெருக்கும். தன் வேராலேயே தன் அடிமரத்தைச் சுற்றி நெரித்துக்கொள்ளும்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை. பின்கட்டில் பிளாக் வால்நட் இருக்கிறதா? நடப்போகிறீர்களா? அதன் வேரும் உதிரும் இலையும் காயும் மண்ணில் விடும் ஒரு நச்சு தக்காளியையும் கத்தரியையும் வாடவைத்துக் கொல்லும். கோடைக்குக் கோடை ஏன் தக்காளி மட்டும் காய்ந்துபோகிறது என்று உரத்தை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணாந்து பாருங்கள்.

தெருவில் எல்லோர் வீட்டிலும் இருக்கும் அதே மரம்தான் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். ஆஷ் மரத்தை அப்படித்தான் நட்டார்கள். குளிர் தாங்கும், உப்பு தாங்கும், தெருத் தெருவாக வரிசை. 2002-இல் டெட்ராய்ட்டிலும் எல்லையைத் தாண்டி விண்ட்ஸரிலும் ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அது பட்டைக்கு அடியில் குடைந்து கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை வட அமெரிக்கா முழுக்கக் கொன்றுவிட்டது. நிழலாக இருந்த தெருக்கள் ஒரே பத்தாண்டில் மொட்டையாயின. இன்றும் எங்காவது ஆஷ் மலிவாகக் கிடைத்தால் தொடாதீர்கள். ஓக் மரங்களை வாடவைக்கும் ஒரு பூஞ்சை நோயும் 2023-இல் கனடாவுக்குள் நயாகரா ஃபால்ஸில் கால் வைத்திருக்கிறது. வீட்டில் ஓக் இருந்தால் ஏப்ரல் முதல் இலையுதிர் காலம் வரை அதில் கத்தி வைக்காதீர்கள். வெட்டுக் காயத்தின் வாசனைக்கு வரும் வண்டுதான் நோயைச் சுமந்து வருகிறது.

கடையில் இதையெல்லாம் பார்த்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

அட்டையில் தாவரவியல் பெயர் இல்லை. வெறும் "பூக்கும் செர்ரி" என்று மட்டும் இருக்கிறது.

தொட்டிக்குள் வேர் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மண்ணில் இறக்கினாலும் அது சுற்றிக்கொண்டேதான் வளரும். பத்து வருடம் கழித்து மரத்தின் கழுத்தை நெரிக்கும்.

அடிமரம் மின்கம்பம் மாதிரி நேராக மண்ணுக்குள் போகிறது. நல்ல மரத்தின் அடி, வேர் தொடங்கும் இடத்தில் பாவாடை மாதிரி விரிந்து தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கழுத்துவரை புதைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் கடைசியில் மற்ற மரங்கள் எல்லாம் மொட்டையாக நிற்க, இது மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கிறது. தள்ளுபடி விலை வேறு. அந்த மரத்துக்குக் குளிர்காலம் வருவதே தெரியவில்லை.

வீட்டில் ஏற்கெனவே நட்டுவிட்டீர்களா? நகத்தால் சிறு கிளையின் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் அந்தக் கிளை போய்விட்டது. தென்மேற்குப் பக்கம் பட்டை குழிந்தோ நிறம் மாறியோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அடியில் மரச்சீவலை எரிமலை மாதிரி குவித்து வைத்திருந்தால் இன்றே கலையுங்கள். நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். குவித்து வைத்தால் பட்டை அழுகும், எலி குடியேறும்.

எதைத்தான் வைப்பது என்று கேட்பீர்கள். பயமுறுத்திவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

இடம் இருந்தால் பர் ஓக். மானிடோபா வரை தானாக வளரும் மரம். குளிர், வறட்சி, உப்பு எதற்கும் அசையாது. மெதுவாகத்தான் வளரும், ஆனால் பேரன் பேத்தி காலத்திலும் நிற்கும். வாசலில் உப்பு படும் இடத்துக்கு முள்ளில்லா ஹனி லோகஸ்ட், ஹேக்பெர்ரி, கென்டக்கி காஃபி ட்ரீ. ஜிங்கோவும் நல்லது, ஆண் மரமாகக் கேட்டு வாங்குங்கள். பெண் மரத்தின் பழம் உதிர்ந்தால் வாசலில் நிற்க முடியாத நாற்றம். சின்ன வாசல் என்றால் சர்வீஸ்பெர்ரி. இதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். வசந்தத்தில் வெள்ளைப் பூ, ஜூனில் பிள்ளைகள் பறித்துத் தின்னும் பழம், இலையுதிர் காலத்தில் செம்பொன் இலை. செர்ரிக்கு ஏங்கியவர்களுக்கு இது போதும். செர்ரிப் பழமே வேண்டும் என்றால் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் அந்தக் கடும் குளிருக்காகவே உருவாக்கிய குட்டைப் புளிப்புச் செர்ரி வகைகள் இருக்கின்றன. ஊறுகாய் போட்டாலும் நன்றாக வரும்.

டொரன்டோவில் வீட்டு முன்னால் சாலையை ஒட்டி நகராட்சிக்குச் சொந்தமான இடம் இருந்தால், கேட்டால் நகராட்சியே இலவசமாக மரம் நட்டுத்தரும். இது தெரியாமல் எத்தனையோ பேர் கடையில் பணத்தைக் கொட்டுகிறார்கள். தவறான மரத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். அந்த நகரத்தில் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் விட்டம் 30 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டால், உங்கள் சொந்த மண்ணில் நிற்கும் உங்கள் மரத்தைக்கூட அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. வெட்டினால் அபராதம். மற்ற நகரங்களுக்கும் அவரவர் சட்டம் இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்வெட்டியை எடுக்கும் முன் ஒன்டாரியோ ஒன் கால் சேவைக்குச் சொல்லுங்கள். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று வந்து குறித்துத் தருவார்கள். காசு இல்லை. சட்டப்படி கட்டாயம். புதுக் குடியிருப்புகளில் எரிவாயுக் குழாய் வாசல் புல்வெளிக்கு அடியில் ஓடும். "ஒரு சின்னக் குழிதானே" என்று மட்டும் தோண்டிவிடாதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நடுவதற்கு வசந்தமும் செப்டம்பர் தொடக்கமும் நல்ல காலம். குழி ஆழமாக வேண்டாம், வேர்க்கட்டியைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக வேண்டும். வேரைச் சுற்றியிருக்கும் கம்பிக் கூடையையும் சாக்கையும் குழிக்குள் இறக்கியதும் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். "தானாக மக்கிவிடும்" என்று அவசரத்தில் சொல்வார்கள். பக்கத்தில் நின்று எடுக்கவையுங்கள்.

அக்டோபர் வந்ததும் குழாய் உறைந்துவிடுமே என்று வெளிக்குழாயை அடைக்கிறோம். அன்றோடு மரத்துக்கும் தண்ணீர் நின்றுவிடுகிறது. சீடர், ஸ்ப்ரூஸ், பைன் எது இருந்தாலும், முதல் மூன்று வருடமாவது மண் உறையும்வரை தண்ணீர் வேண்டும். மழை இல்லாத வாரத்தில் வாளியில் கொண்டுபோயாவது ஊற்றுங்கள். வேர் நன்றாக நனையும்வரை, மெதுவாக. நவம்பர் நடுவில் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் இளகியிருந்தால் இன்னொரு வாளி.

வெள்ளைக் காப்பையும் கம்பி வலையையும் அதே நாளில் கட்டிவிடுங்கள்.